மூச்சுக் காற்றின் கணக்கு யாருடையது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'தனிநபர் சாராத் தரவும் பொது நலமும்' என்பது. கேட்டவுடன், இது கணினித் துறையினர் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில் இது நம் ஒவ்வொருவருடைய நுரையீரலோடும் தொடர்புடைய செய்தி. எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சொல்லுக்குப் பொருள் பார்ப்போம். தரவு என்றால் அளந்தும் எண்ணியும் சேர்த்து வைத்த விவரம். உங்கள் பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு ஆகியவை தனிநபர் தரவு. அவற்றைத் தொழில் நிறுவனங்கள் கண்டபடி கையாளாமல் காக்க, நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு வகை விவரமும் உண்டு. நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது? ஆற்று நீர் எவ்வளவு உயர்ந்தது? எந்த வட்டாரத்தில் டிங்கிக் காய்ச்சல் பரவுகிறது? எந்த நிலம் எந்த நிறுவனத்திற்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது? காற்றில் தூசு எவ்வளவு? இவற்றில் தனி மனிதர் எவருடைய அந்தரங்கமும் இல்லை. இவைதான் தனிநபர் சாராத் தரவு.

தனிநபர் தரவைப் பற்றிப் பேசும்போது, 'அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே' என்பது நம் கவலை. இந்த இரண்டாம் வகையைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவி, மக்கள் சுவாசிக்கும் காற்றை அளக்கிறது. அந்த அளவை மக்களுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது? நம் நாட்டின் புகைமூட்ட வரலாறு இதற்குத் தெளிவான பாடம் சொல்கிறது. அதையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கூச்சிங்கில் 839

1997ஆம் ஆண்டு எல் நினோ காரணமாகக் கடும் வறட்சி ஏற்பட்டது. சுமத்ராவிலும் களிமந்தானிலும் காடுகளும் கரிச்சதுப்பு நிலங்களும் வாரக்கணக்கில் எரிந்தன. கரிச்சதுப்பு நிலம் எரிவது சாதாரணக் காட்டுத்தீ போன்றதன்று. தீ மண்ணுக்கு அடியில் இறங்கிவிடும். மேலே சுவாலை தெரியாது. புகை மட்டும் வந்துகொண்டே இருக்கும். அந்தப் புகை கடல் கடந்து நம்மிடம் வந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. சில நாட்களில் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839 வரை ஏறியது. இந்தக் குறியீடு 100ஐத் தாண்டினாலே காற்று உடல்நலத்திற்கு ஆகாது. 300ஐத் தாண்டினால் ஆபத்து. 839 என்பது எப்படிப்பட்ட நிலை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நெருக்கடியில் சுற்றுப்பயணத் துறை அடிபட்டது. உலக ஊடகங்களில் நம் நாட்டின் பெயர் புகையோடு சேர்ந்தே வந்தது. அதற்குப் பிறகு அரசாங்கம் எடுத்த ஒரு முடிவை இன்றைய இளைஞர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள். குறியீட்டு எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுவது நிறுத்தப்பட்டது. சுற்றுப்பயணிகள் அஞ்சி வராமல் போய்விடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கருவிகள் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை அளந்துகொண்டுதான் இருந்தன. அதிகாரிகளுக்கு எண் தெரியும். இழுப்பு நோயால் அவதிப்படும் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்குத் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். இங்கே கண்ணை மூடியது பூனையல்ல. மக்களின் கண்ணைத்தான் கட்டிவிட்டார்கள்.

2005 ஆகஸ்டு மாதம் சுமத்ராவின் புகை கிள்ளான் பள்ளத்தாக்கை மூடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியவில்லை. அந்த மாதத்தில்தான் குறியீட்டு எண்களை மீண்டும் மக்களுக்கு வெளியிட அமைச்சரவை முடிவு செய்தது. ஆகஸ்டு 11ஆம் நாள், குறியீடு 500ஐத் தாண்டிய நிலையில், போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

கிள்ளானும் கோலசிலாங்கூரும் நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் இடங்கள். தோட்டங்களும் தமிழ்ப்பள்ளிகளும் நிறைந்த வட்டாரம். வெளியில் நின்று உழைப்பவர்களும், திடலில் ஓடி விளையாடும் பிள்ளைகளும் அதிகம். அவர்களுடைய மூச்சுக்குள் என்ன போகிறது என்ற கணக்கு, அந்தச் சில ஆண்டுகளுக்கு அவர்களுக்கே மறுக்கப்பட்டிருந்தது.

எண் தெரிந்தால் என்ன பயன்?

எண் தெரிந்தால் தீ அணைந்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். அணையாது. ஆனால் மனிதர்கள் தங்களைக் காத்துக்கொள்ள முடியும்.

2013 ஜூன் 23ஆம் நாள் மூவாரில் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது எண்கள் மக்கள் கையில் இருந்தன. எந்த ஊரில் எவ்வளவு என்று பார்த்து வெளியே போவதைத் தவிர்த்தார்கள். முகக்கவசம் தேடி வாங்கினார்கள். இன்று நாடு முழுவதும் அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்களின் குறியீட்டைச் சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி இணையத்தில் வெளியிடுகிறது. குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்று 2023இல் புகை வந்தபோது கல்வி அமைச்சு நினைவூட்டியது. எண் இல்லாமல் இப்படி ஒரு விதியே இருக்க முடியாது. தலைமையாசிரியர் வானத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் ஏதோ ஓர் எண்ணை வெளியிட்டுவிட்டால் கடமை முடிந்ததா? அதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

காற்றிலுள்ள தூசுகளில் மிக நுண்ணியதை பிஎம் 2.5 என்கிறார்கள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கு முடியிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போகக் கூடியது இதுதான். சிங்கப்பூர் 2014 ஏப்ரலிலிருந்து இந்த நுண்தூசையும் தன் குறியீட்டுக் கணக்கில் சேர்த்தது. நம் நாட்டின் குறியீட்டில் அது 2018 ஆகஸ்டில்தான் சேர்ந்தது.

இடையில் வந்தது 2015ஆம் ஆண்டின் பெரும்புகை. ஜொகூர் நீரிணைக்கு இரு பக்கமும் ஒரே புகை. ஆனால் சிங்கப்பூர் ஓர் எண்ணைச் சொன்னது. நாம் அதைவிடக் குறைந்த எண்ணைச் சொன்னோம். நம் அரசாங்கம் மறைக்கிறதோ என்று மக்கள் ஐயப்பட்டார்கள். உண்மையில் இரு நாடுகளும் கணக்குப் போடும் முறைதான் வேறு. முன்பு ஒருமுறை மறைத்ததால் வந்த வினை, பின்பு மறைக்காதபோதும் நம்பிக்கை வரவில்லை. குறியீட்டோடு சேர்த்து, அதற்கு அடிப்படையான தூசு அளவுகளையும், கணக்கிடும் முறையையும் பக்கத்திலேயே வைத்திருந்தால் அந்தக் குழப்பத்திற்கு இடமே இருந்திருக்காது.

ஆகவே தரவைப் பகிர்வது என்றால் சமைத்த சோற்றை மட்டும் பரிமாறுவதல்ல. அரிசியையும் காட்ட வேண்டும். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் இருப்பவரும், மருத்துவரும், கணக்குத் தெரிந்த எந்த இளைஞரும் சரிபார்க்க முடியும்.

எரியும் நிலம் யாருடையது?

இதுவரை பேசியது ஒரு பாதி. நாம் எதைச் சுவாசிக்கிறோம் என்ற கணக்கு ஓரளவு திறந்துவிட்டது. இனி மறுபாதி. எரிகின்ற நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

நிலத்தில் தீ எங்கே எரிகிறது என்பதைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய வேலையல்ல. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் துணைக்கோளங்கள் நாள்தோறும் பூமியைச் சுற்றி வந்து, வெப்பம் மிகுந்த இடங்களைப் புள்ளிகளாகக் காட்டுகின்றன. அந்தப் புள்ளிகளை உலகில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையமும் நம் வட்டாரத்தின் வெப்பப் புள்ளிகளை நாள்தோறும் வெளியிடுகிறது.

தரவை இலவசமாகத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் துணைக்கோளம் நல்ல சான்று. ஒரு காலத்தில் அதன் படம் ஒன்றை வாங்க 600 டாலர் அளவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது நாளொன்றுக்கு ஐம்பது சொச்சம் படங்கள்தாம் விற்றன. 2008இல் அவற்றை இலவசமாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான படங்களை உலகமே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியது. காடழிப்பு, விளைச்சல், வெள்ளம் என்று எத்தனையோ ஆய்வுகள் அதன் மேல் எழுந்தன. படத்தின் செலவு ஏற்கெனவே வரிப்பணத்தில் கொடுக்கப்பட்டதுதான். பூட்டை எடுத்தார்கள், பயன் பெருகியது.

ஆக, தீப்புள்ளி கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் புள்ளி யாருடைய வேலிக்குள் விழுகிறது என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு தாள் தேவை. எந்த நிலம் எந்த நிறுவனத்திற்குச் செம்பனை பயிரிடவும் மரம் வெட்டவும் கொடுக்கப்பட்டுள்ளது என்ற எல்லை வரைபடம். தீப்புள்ளியை அதன் மேல் வைத்துப் பார்த்தால், தீ ஏழை விவசாயியின் துண்டு நிலத்தில் மூண்டதா, பெருநிறுவனத்தின் தோட்டத்தில் மூண்டதா என்பது தெரியத் தொடங்கும். இந்த வரைபடத்தைத் திறப்பதில்தான் எல்லாரும் தயங்குகிறார்கள்.

2013 அக்டோபரில் புருணையில் நடந்த ஆசியான் உச்சநிலை மாநாட்டில் புகைக் கண்காணிப்பு முறை ஒன்றுக்குத் தலைவர்கள் ஒப்புதல் அளித்தார்கள். அதில் தோட்ட எல்லை வரைபடங்களை அரசாங்கங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. தங்களுக்குள் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பொதுமக்களுக்கு அதில் இடமில்லை.

அதே ஆண்டு நவம்பரில், நிலைத்தன்மையுள்ள செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு, தன் உறுப்பு நிறுவனங்களின் தோட்ட வரைபடங்களை வெளியிடுவது என்று தீர்மானம் போட்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா என்ற வாதம் உடனே எழுந்தது. இந்தோனேசியாவில் ஒரு வனக் கண்காணிப்பு அமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. தோட்ட நில உரிம விவரங்கள் பொதுத் தகவலே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அமைச்சு அவற்றைக் கொடுத்துவிடவில்லை.

இதனால் யாருக்கு நட்டம்? 2019ஆம் ஆண்டுப் புகையின்போது, தீ ஏற்பட்ட நிலங்கள் சிலவற்றை இந்தோனேசிய அதிகாரிகள் முத்திரையிட்டு மூடினார்கள். மலேசிய நிறுவனங்களின் துணை நிறுவனங்களுக்கு உரிய நிலங்களும் அவற்றுள் இருந்தன. சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் மறுத்தன. அதிகாரி ஒன்று சொல்கிறார், நிறுவனம் ஒன்று சொல்கிறது. புகையைச் சுவாசித்த நாம் யாரை நம்புவது? வரைபடம் எல்லார் கையிலும் இருந்திருந்தால், குற்றம் செய்தவர் தப்ப முடியாது. குற்றம் செய்யாத நிறுவனமும் தன் பெயரைக் காத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் 2014இல் எல்லை கடந்த புகைத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் தீ மூட்டிச் சிங்கப்பூருக்குப் புகை அனுப்பும் நிறுவனத்திற்கு நாளொன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரையிலும், மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கலாம். நிலம் ஒரு நிறுவனத்துடையது என்று வரைபடம் காட்டினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அப்படியே கொள்ளலாம் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பாருங்கள், சட்டமே வரைபடத்தின் மேல்தான் நிற்கிறது.

உயிர்க் கணக்கு

இதெல்லாம் தாள் சண்டை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2015 தீயில் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டர் நிலம் எரிந்தது என்றும், அந்நாட்டிற்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 1,600 கோடி அமெரிக்க டாலர் என்றும் உலக வங்கி கணக்கிட்டது. அந்தப் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சம் பேர் காலத்திற்கு முன்பே இறந்திருக்கலாம் என்று ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மதிப்பிட்டார்கள். அதில் நம் நாட்டின் பங்கு சுமார் 6,500 பேர்.

இது கணினிக் கணிப்பு. இந்தோனேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. சரி, கணிப்பு தவறாகவும் இருக்கலாம். ஆனால் தவறு என்று எப்படிக் காட்டுவது? எந்த மாவட்டத்தில், எந்த வாரத்தில், எத்தனை பேர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையை, நோயாளி பெயர் எதுவும் இல்லாமல், அந்த வாரக் காற்று அளவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இரண்டும் தனிநபர் சாராத் தரவுதான். ஒன்று சுகாதார அமைச்சிடம் இருக்கும். மற்றொன்று சுற்றுச்சூழல் துறையிடம் இருக்கும். இரண்டும் சந்தித்தால்தான் விடை பிறக்கும்.

இவை சந்திப்பதற்கு நம் நாட்டில் இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தாக்கல் செய்த தரவுப் பகிர்வு மசோதாவை நாடாளுமன்றம் 2024 டிசம்பரில் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசாங்கத் துறைகள் தங்களுக்குள் தரவைக் கேட்டுப் பெறுவதற்கு அது வழி செய்கிறது. ஒரே அரசாங்கத்தின் ஒரு துறை, அடுத்த மாடியிலிருக்கும் இன்னொரு துறையிடம் விவரம் கேட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் நிலை மாற வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். வரவேற்போம்.

ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்வோம். அது மத்திய அரசாங்கத் துறைகளுக்கு மட்டுமே. நிலம் நம் அரசமைப்பின்படி மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. தோட்ட எல்லை வரைபடத்தின் மூலம் மாநில நில அலுவலகத்தில் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கை அதுவரை நீளாது. அதோடு, பொதுமகன் ஒருவன் கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. பினாங்கும் சிலாங்கூரும் 2011இல் தத்தம் மாநிலத்திற்குத் தகவல் உரிமைச் சட்டங்களை நிறைவேற்றின. மறுபக்கம் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறது. ஓர் அதிகாரி ஐயத்தில் இருந்தால் எந்தப் பக்கம் சாய்வார்? கொடுத்து வம்பில் மாட்டிக்கொள்வதைவிட, கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விதியைத்தான் மாற்ற வேண்டும்.

மறுப்பவர்கள் சொல்வது

தரவைத் திறக்கக் கூடாது என்பவர்களின் வாதங்களையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதல் வாதம், மக்கள் பீதியடைவார்கள் என்பது. இதற்குக் கோவிட் காலம் விடை சொல்லிவிட்டது. 2021 ஜூலையில், தொற்று உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, சுகாதார அமைச்சு நாள்தோறும் தொற்று, பரிசோதனை, மருத்துவமனைப் படுக்கை, மரணம் ஆகிய எண்ணிக்கைகளை கிட்ஹப் என்ற தளத்தில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் வெளியிடத் தொடங்கியது. அதைக் கொண்டு ஆய்வாளர்களும் கணினி இளைஞர்களும் சொந்தமாக வரைபடங்கள் போட்டார்கள். சந்தேகம் வந்தபோது கேள்வி கேட்டார்கள். நாட்டில் கலவரம் ஒன்றும் மூளவில்லை. எண் இல்லாதபோதுதான் வதந்தி பிறக்கிறது.

இரண்டாவது வாதம், தொழில் இரகசியம் என்பது. ஒரு நிறுவனத்தின் விலைக் கணக்கு, தயாரிப்பு முறை ஆகியவை அதன் சொந்த விவகாரம். அவற்றை யாரும் கேட்கவில்லை. பொது நிலத்தை எடுத்து நடத்தும் எல்லை எது, புகைபோக்கியிலிருந்து ஊர்க் காற்றில் என்ன கலக்கிறது என்பவை ஊரார் விவகாரம். 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள்படி, குறிப்பிட்ட வகைத் தொழிற்சாலைகள் தங்கள் புகைபோக்கி வெளியேற்றத்தை இடைவிடாமல் அளந்து சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அளவை ஆலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் பார்க்கக் கூடாது?

மூன்றாவது வாதம் கனமானது. பெயரை எடுத்துவிட்டால் மட்டும் தரவு தீங்கற்றதாகிவிடாது. உண்மைதான். நாற்பது குடும்பங்கள் வாழும் ஒரு தோட்டத்தில் 'காசநோயாளி ஒருவர்' என்று வெளியிட்டால், அவர் யாரென்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அரிய விலங்கு வாழும் இடத்தைத் துல்லியமாகக் காட்டினால் வேட்டைக்காரன்தான் முதலில் போய்ச் சேருவான். பூர்வகுடி மக்களின் நிலத்தைப் பற்றிய வரைபடத்தை அவர்களைக் கேட்காமல் வெளியிட்டால், அதுவே நிலத்தைப் பறிப்பவருக்கு வழிகாட்டியாகிவிடலாம். ஆகவே, திறப்பதற்கும் நெறிமுறை வேண்டும். கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவது நிர்வாகமாகாது.

என்ன செய்ய வேண்டும்?

என் கருத்தில் ஐந்து விதிகள் போதும்.

ஒன்று, தனிநபர் சாராத பொதுத் தரவு திறந்திருப்பதே வழக்கமாக இருக்க வேண்டும். மூடுகிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும். அதையும் எழுத்தில், எத்தனை நாளைக்கு என்ற தவணையோடு சொல்ல வேண்டும். 1997க்குப் பின் காற்றுக் குறியீட்டை மூடியவர்கள் இப்படி ஒரு தவணை எழுதியிருந்தால், 2005 வரை மக்கள் காத்திருக்க நேர்ந்திருக்காது.

இரண்டு, குறியீட்டோடு மூல அளவும், அளந்த முறையும் சேர்ந்து வர வேண்டும். அதையும் கணினி படிக்கும் அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். தாளைப் படம் பிடித்து இணையத்தில் ஒட்டிவிட்டு 'வெளியிட்டுவிட்டோம்' என்பது ஏட்டுச் சுரைக்காய்.

மூன்று, எதைத் திறப்பது எதை மூடுவது என்ற தீர்ப்பை, அந்தத் தரவால் வெட்கப்படக் கூடிய துறையிடமே விடக் கூடாது. தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்ய எவரையும் அனுமதிப்பதில்லை. சார்பற்ற ஒரு குழு வேண்டும். மேல்முறையீடு செய்ய வழியும் வேண்டும்.

நான்கு, சிறு எண்ணிக்கைகளுக்குப் பாதுகாப்பு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மாவட்டமாகவோ மாநிலமாகவோ சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறிய சமூகங்களைப் பற்றிய தரவாக இருந்தால் அவர்களின் ஒப்புதல் பெற வேண்டும்.

ஐந்து, அரசாங்கம் ஒரு வேலையைத் தனியாரிடம் ஒப்படைத்தாலும் அதில் பிறக்கும் தரவு மக்களுடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நம் காற்றின் அளவை நாமே விலை கொடுத்து வாங்கும் நிலை வந்துவிடும்.

நம் பங்கு

நேயர்களே, சட்டம் எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை. நமக்கும் வேலை உண்டு. திறந்திருக்கும் தரவை யாரும் பயன்படுத்தாவிட்டால், 'யார் பார்க்கிறார்கள்?' என்று சொல்லி அதை மூடிவிடுவது எளிது.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. புகைக் காலத்தில் காலையில் குறியீட்டைப் பார்த்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பக்கத்தில் அளவு நிலையம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குக் கடிதம் எழுதுங்கள். டிங்கி பரவும் இடங்களின் வரைபடத்தைச் சுகாதார அமைச்சு இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் தாமான் அதில் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கணக்குப் பாடத்தில் கற்ற சராசரியையும் வரைகோட்டையும் தங்கள் ஊர்க் காற்றின் எண்களிலேயே போட்டுப் பார்க்கட்டும். தொகுதிக் கூட்டத்திற்கு நாடாளுமன்ற உறுப்பினர் வந்தால், சாலை விளக்கோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.

அடுத்த வறட்சி எந்த ஆண்டு வரும் என்று நாம் சொல்ல முடியாது; வரும் என்பது உறுதி. காற்று மாறி வீசினால் புகையும் வரும். அன்று நம் பிள்ளைகள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்பதும், அதை மூட்டியது யாருடைய நிலம் என்பதும், நமக்கு அதே மணி நேரத்தில் தெரிய வேண்டும். அளக்கக் கருவி இருக்கிறது. பார்க்கத் துணைக்கோளம் இருக்கிறது. வரைபடமும் ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் இருக்கத்தான் செய்கிறது. புகை வருவதற்கு முன்பே அந்த அலமாரியைத் திறக்கச் சொல்வோம்.